அறுபத்தொன்றாம் பக்கத்து ஈப்பிடிப்பான்

மங்களத்துக்குப் பரத் என்றால் பிடிக்காது என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஏரிக்கரையில் அவன் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். ஐம்பத்துநாலு வயதில் ஒரு மனுஷனை இவ்வளவு மனப்பூர்வமாக வெறுக்க முடியும் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. வாரம் முழுக்க ஆறு நாள் தொம்மலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் குனிந்திருப்பவள். கழுத்து பிடித்துக்கொள்ளும், கண் எரியும். ஆனாலும் ஞாயிறு விடிந்தால் முதல் ஆளாய் எழுந்துவிடுவாள். முன்பெல்லாம் பறவைக்காக எழுந்தாள். இப்போது பாதி பறவைக்கும் பாதி பரத்துக்குமாக எழுந்தாள்.

ஏரியின் பெயர் ஹொன்னகெரெ. கெரெ என்றாலே கன்னடத்தில் ஏரிதான். ஆனால் ஊரே ஹொன்னகெரெ ஏரி என்றுதான் சொல்லும், மங்களமும் அப்படித்தான் சொல்வாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் நாலே நாலு பேராக அந்தக் கரையில் ஞாயிறு கணக்கெடுப்பை ஆரம்பித்தவர்களில் அவள் ஒருத்தி. மற்ற மூன்று பேரில் ஒருவர் வேலை மாறிப் போனார், ஒருவர் வெளிநாடு போனார், ஒருவருக்கு முட்டி போய்விட்டது. மங்களம் மட்டும் ஜோகுபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டே இருந்தாள். கணக்கெடுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நடந்துகொண்டே அவள் பறவையின் பெயரையும் எண்ணிக்கையையும் உரக்கச் சொல்வாள், பக்கத்தில் ஒருவர் அப்படியே எழுதிக்கொள்வார். கூழைக்கடா ஆறு. நாமக்கோழி முப்பத்திரண்டு. மறுபேச்சு கிடையாது. அவளுக்கு நிச்சயம் இல்லையென்றால் எழுத விடமாட்டாள். “பார்த்ததை எழுது, நினைச்சதை எழுதாத,” என்பதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு தரமாவது சொல்லிவிடுவாள்.

ஆய்வுக்கூடத்தில் அவள் பெயரில் ஒரு ரிப்போர்ட்டும் போகாது. டாக்டர் கையெழுத்துப் போடுவார். வீட்டில் அவள் சொல்வதை எதிர்த்துப் பேச ஆளில்லை, ஆனால் கேட்கவும் ஆளில்லை. கணவர் சுந்தரமூர்த்தி அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன், வாய் திறந்து பேசினால் பத்து நாளைக்குப் பேசியதாக அர்த்தம். ஆக, அவள் வாயிலிருந்து வந்த சொல் அப்படியே தாளில் ஏறுகிற இடம் இந்த உலகத்தில் அந்த ஏரிக்கரை ஒன்றுதான். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த இடத்தில்தான் பரத் வந்து சேர்ந்தான். ஈரோட்டுக்காரன், ரிங் ரோட்டில் ஏதோ கம்பெனியில் மேனேஜர், வயது நாற்பதுக்குள். உடம்பெல்லாம் இலையும் சருகும் அச்சடித்த உடுப்பு, தோளில் ஒரு சின்னப் பீரங்கி அளவுக்கு லென்ஸ். வந்த மூன்று மாதத்தில் ஏரிப் பறவைக்காரர்களின் வாட்ஸாப் குரூப்புக்கு அட்மின் ஆனான். ஆறு மாதத்தில் குரூப்பில் யார் என்ன படம் போட்டாலும் தீர்ப்பு சொல்லும் நீதிபதியும் ஆனான். ஃபோகஸ் கண்ணில் இல்லை, மூக்கில் இருக்கிறது. கிளை ஆடியிருக்கிறது. கறுப்பு இறகில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளை இறகு வெளிச்சத்தில் வெந்துபோய்விட்டது. சொல்வதில் பாதி சரி என்பதுதான் மங்களத்துக்குத் தாங்கமுடியாத விஷயம். தப்பாகச் சொன்னாலாவது திருப்பி அடிக்கலாம்.

அவளிடம் இருந்தது லென்ஸ் கழற்ற முடியாத ஒற்றைக் கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எவ்வளவு தூரத்துப் பறவையையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், படமெல்லாம் பொடிமணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாய் வரும். நாய்ஸ் என்பார்கள். எல்லாக் கேமராவிலும் வருவதுதான், சின்னக் கேமராவில் சீக்கிரம் வரும். போன வருடம் மழைக்காலத்தில் அவள் ஒரு தாழைக்கோழிக் குஞ்சைப் படமெடுத்துக் குரூப்பில் போட்டாள். அந்த ஏரியில் அது குஞ்சு பொரித்ததற்கு அதுதான் முதல் சாட்சி. பரத் அந்தப் படத்தை எடுத்துப் பெரிதாக்கி, நாலு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, இருநூற்று நாற்பது பேர் பார்க்கத் திருப்பிப் போட்டான்.

“உப்புமாவுக்குக் கண்ணு வெச்ச மாதிரி இருக்குதுங்க மேடம்,” என்று கீழே எழுதியிருந்தான்.

சிரிக்கிற முகம் நாற்பத்திரண்டு விழுந்தது. மங்களம் ஒவ்வொன்றாக எண்ணினாள். யார் யார் சிரித்தது என்று பெயரையும் பார்த்துவைத்துக்கொண்டாள். குஞ்சைப் பற்றி ஒருவர் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் சாம்பாரில் உப்புப் போட மறந்தாள், சுந்தரமூர்த்தி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அடுத்த ஞாயிறிலிருந்து கணக்கெடுப்புக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது, சாக்கடை வந்து ஏரியில் சேரும் மேற்குக் கரையை வாராவாரம் பரத்துக்கே ஒதுக்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே நிற்க முடியும். அவன் லென்ஸைக் குழாய் என்றாள். “குழாய வெச்சிருக்கவங்க தண்ணி பக்கமே போங்க,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். ஆனால் சாக்கடைப் பக்கம்தான் பூச்சி அதிகம், பூச்சி இருந்தால் பறவையும் அதிகம். மூன்றே வாரத்தில் அவன் அங்கிருந்து மீன்கொத்தி பாய்ந்து மீனோடு எழும்பும் படம் ஒன்றைக் கொண்டுவந்தான். தண்ணீர்த்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாய் எண்ணலாம்போல் இருந்தது. குரூப்பே அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. மங்களம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கட்டைவிரல் போட்டாள்.

இதையெல்லாம்கூட அவள் விழுங்கியிருப்பாள். நவம்பரில் அவன் வேறொரு காரியம் செய்தான். குரூப் சார்பில் ஏரிப் பறவைகளைப் பற்றிப் படப் புத்தகம் ஒன்று வரப்போகிறது, மார்ச்சில் வெளியீடு, படங்களை அவனே தேர்ந்தெடுப்பான் என்று முடிவானது. கூடவே ஒரு யோசனையும் வைத்தான். அடுத்த வருடத்திலிருந்து ஞாயிறு கணக்கில் சும்மா வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். படம் இருந்தால்தான் பறவை, படமும் தரமாக இருந்தால்தான் படம். புத்தக வெளியீட்டு அன்றே எல்லோரும் கைதூக்கி முடிவு செய்துகொள்ளலாம் என்றான். மேடம்மேல நம்பிக்கை இல்லாம சொல்லலீங்க, சிஸ்டம்னு ஒண்ணு வேணுமில்லீங்களா, என்றும் சேர்த்துக்கொண்டான்.

மங்களத்துக்கு அந்த நிமிடமே புரிந்தது. அவளுடைய உப்புமாப் படங்களை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கில் ஒரு காக்கையைக்கூட ஏற்ற முடியாது. பதினோரு வருடத்தை ஒரு வரியில் துடைத்துவிட்டான். குரூப்பில் பாதிப் பேர் அதற்கும் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. சென்னைப் பக்கம் புயல் சின்னம் என்று இங்கே நாலு நாளாக வெயிலே இல்லை, வானம் தலைக்குமேல் ஈரத் துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தது. வந்ததே ஏழு பேர், அதனால் பிரியாமல் ஒன்றாகவே நடந்தார்கள். பம்ப் ஹவுஸுக்குப் பக்கத்துப் புங்க மரத்தில் ஒரு சின்னப் பறவை உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிக்கொண்டிருந்தது. மங்களமும் பரத்தும் ஏறக்குறைய தோளோடு தோள் நின்று படமெடுத்தார்கள். வேறு இடமில்லை, கீழே சேறு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே எடுத்தார்கள். அப்புறம் அவள் இருநோக்கியை எடுத்து ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்தாள். பெரிய கண், சுற்றிலும் வெளிறிய வளையம், ஒரு கோடும் இல்லாத வெளிர் நெஞ்சு.

“பழுப்பு ஈப்பிடிப்பான், ஒண்ணு,” என்றாள். வருஷா வருஷம் குளிர்காலத்துக்கு வருகிற பறவைதான். அம்ருதா எழுதிக்கொண்டாள்.

அம்ருதா முப்பத்திரண்டு வயது ஆர்க்கிடெக்ட். தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். ஐந்து வருடமாகக் கணக்குத் தாளை எழுதுவது அவள்தான், புத்தகத்தை வடிவமைப்பதும் அவள்தான். யார் பக்கமும் சாயாதவள். மங்களத்துக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அன்று மாலை ஐந்து மணிக்குக் குரூப் அல்லோலகல்லோலப்பட்டது. பரத் அந்தப் பறவையின் படத்தைப் போட்டிருந்தான். இருட்டில் எடுத்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள், அவ்வளவு சுத்தம். ஒரு புள்ளி மணல் இல்லை. நெஞ்சு முழுக்க மேலிருந்து கீழாகச் சாம்பல் கீற்றுகள், சீப்பால் வாரிவிட்டதுபோல். இது பழுப்பு ஈப்பிடிப்பான் இல்லை, நெஞ்சில் கீற்றுள்ள இன்னொரு ஈப்பிடிப்பான், எங்கேயோ வடகிழக்கு ஆசியாவிலிருந்து வழிதவறி வந்தது, நம் ஏரியில் இதுதான் முதல் தடவை என்று எழுதியிருந்தான். ஆறு மணிக்குள் நூற்றுச் சொச்சம் வாழ்த்து. மறுநாள் விடிவதற்குள் மைசூரிலிருந்து இரண்டு கார் கிளம்பியது. பறவை அதற்குள் போய்விட்டிருந்தது.

மங்களம் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டாவது நிமிடமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடமாக அவள் பார்க்கிற விஷயம்தான். ரத்தத் துளிக்குப் போடுகிற சாயத்தைச் சரியாக வடிகட்டாமல் விட்டால் கண்ணாடித் தகட்டில் பொடிப்பொடியாய்ப் படியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து மலேரியா என்று எழுதிக்கொண்டு ஓடிவருவார்கள். அவள் ஒரே கேள்விதான் கேட்பாள், அந்தப் புள்ளி செல்லுக்கு வெளியேயும் இருக்கிறதா பார். வெளியேயும் இருந்தால் அது கிருமி இல்லை, சாயம். இங்கே அதே கீற்று பறவையின் நெஞ்சில் மட்டும் இல்லை, பக்கத்துக் கிளையின் பட்டைமேலும் இருந்தது. அதே அகலம், அதே சாய்வு. இருட்டில் எடுத்ததால் அவன் கேமராவிலும் மணல் கொட்டியிருக்கிறது. அதைத் துடைக்கிற மென்பொருளில் போட்டிருக்கிறான். அது மணலைத் துடைப்பதற்குப் பதிலாக, மிச்சமிருந்த மணலைக் கோத்துக் கோடாக வரைந்து கொடுத்திருக்கிறது. அவனும் கோடு கூர்மையாக இருக்கிறதே என்று நம்பிவிட்டான். கூர்மையாக இருந்தால் எதையும் நம்புவான்.

தன் படங்களையும் எடுத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று இருந்தது. உப்புமாதான். ஆனால் உப்புமாவுக்குள் நெஞ்சு வெறுமையாகத்தான் இருந்தது. புத்தகத்துக்காகப் பரத் தன் அசல் கோப்புகளைப் பொது ஃபோல்டரில் போட்டுவைத்திருந்தான், கேட்டால் அசலைக் காட்ட வேண்டும் என்பதும் அவன் போட்ட விதிதான். அதையும் இறக்கித் திறந்தாள். மணல், மணல், நடுவில் கோடில்லாத நெஞ்சு. சந்தேகத்துக்கே இடமில்லை.

குரூப்பில் எழுத ஆரம்பித்தாள். பாதியில் போன் அடித்தது. அம்ருதா.

ஆன்ட்டி, நீங்க பழுப்புன்னு சொன்னீங்க, நான் அப்படியே எழுதிட்டேன், இப்ப பரத் இது வேறன்னு சொல்றாரு, என்ன பண்றது என்று கேட்டாள். அவள் குரலில் தயக்கம் இருந்தது. “நீங்க சொன்னா அப்படியே விட்டுடறேன். சொல்லுங்க, மாத்தட்டுமா?”

அந்த இடத்தில் மங்களம் ஒரு நொடி யோசித்தாள். குரூப்பில் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு நாள் வாக்குவாதம். உங்க படத்துல நெஞ்சே தெரியலையே மேடம் என்பான், நாற்பத்திரண்டு பேர் சிரிப்பார்கள். கடைசியில் அசல் கோப்பைப் பார்த்து அடடா, சின்னத் தப்பு என்பான், மூன்றாம் நாள் வேறு படம் போடுவான். எல்லாம் அடங்கிவிடும். மார்ச்சில் அவன் விதி பாஸாகிவிடும். அதே கோடு புத்தகத்தில் ஏறினால்? ஆயிரம் பிரதி. மேடை, மைக், விருந்தாளி. தரம் தரம் என்று வாய் கிழியப் பேசுகிறவனை, அவன் படத்தை வைத்தே, அவன் மேடையிலேயே நிறுத்தினால்?

“மாத்திக்கோ,” என்றாள் மங்களம்.

“நிஜமாவா ஆன்ட்டி?”

“அதான் சொல்றேன்ல. மாத்திக்கோ.”

எழுதி வைத்திருந்ததை அழித்தாள். குரூப்பின் சத்தத்தையும் அணைத்துவைத்தாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். நாளைக்கே சொல்லிடு மங்களம், தள்ளிப்போடாத, என்றார். இரு, புஸ்தகம் வரட்டும் என்றாள். பட்டறையில ஒரு அளவு தப்புன்னு தெரிஞ்சா மெஷினை நிறுத்துவோம், நூறு பீஸ் ஓடட்டும்னு விடமாட்டோம், என்றார். அது அவருக்கு ஒரு மாதத்துப் பேச்சு. உங்க பட்டறை வேற, இது வேற என்று மங்களம் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த மூன்று மாதம் அவள் சந்தோஷமாக இருந்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அது பழிவாங்கப் போகிறவளின் சந்தோஷம்தான். பொங்கலுக்குப் பரத்துக்கு ஏலக்காய் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேற்குக் கரையிலிருந்து அவனை மாற்றி நல்ல காற்றடிக்கிற கிழக்குக் கரையில் போட்டாள். அவன் ஆச்சரியப்பட்டு, மேடம் இப்பல்லாம் ரொம்ப நல்லாப் பழகறாங்க என்று நாலு பேரிடம் சொன்னான். ஒவ்வொரு ஞாயிறும் அவனைப் பார்க்கும்போது அவளுக்கு உள்ளூரக் குதூகலமாக இருந்தது. அவன் பேசப் பேச, பேசு ராஜா, நல்லாப் பேசு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிப்ரவரியில் அம்ருதா புத்தகத்தின் பக்கங்களைக் குரூப்பில் போட்டு, தவறு இருந்தால் சொல்லச் சொன்னாள். சத்தம் அணைத்துவைத்த குரூப்பை மங்களம் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஈப்பிடிப்பான் வந்த பக்கத்தில் யாராவது தப்பைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம்.

மார்ச் கடைசி ஞாயிறு, காலை பத்தரை மணிக்குத் தொம்மலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் விழா. நூற்றைம்பது பேர் இருக்கும். வனத்துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற அனந்தபத்மநாபன் புத்தகத்தை வெளியிட்டார். பரத் திரையில் படங்களைக் காட்டி அரை மணி பேசினான். இருட்டில் எடுப்பது எப்படி, மணலை எப்படித் துடைப்பது, எந்தப் படத்தைத் தயவுதாட்சண்யமில்லாமல் தூக்கிப்போட வேண்டும். கடைசியாக ஈப்பிடிப்பான் வந்தது. சுவரளவுக்குப் பெரிதாக, நெஞ்சில் கீற்றோடு. ஹாலே கைதட்டியது.

மங்களம் எழுந்தாள். நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தாள், கையில் பென் டிரைவ். எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும் என்றாள். பரத்தே மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அவள் அசல் கோப்பைத் திரையில் போட்டாள். பக்கத்தில் அவன் படம். அப்புறம் தன்னுடைய உப்புமா. கிளையின்மேல் இருந்த கீற்றைக் காட்டினாள், சாயத்தையும் மலேரியாவையும் சொன்னாள். மூன்று மாதமாகக் குளிக்கும்போதும் ஸ்கூட்டர் ஓட்டும்போதும் ஒத்திகை பார்த்த பேச்சு, ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. அந்தப் பறவை இங்கே வரவே இல்லை, மென்பொருள் வரைந்தது என்று முடித்தாள். அனந்தபத்மநாபன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, ஆமாம், என்று தலையாட்டினார்.

பரத்தின் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் விளங்கியது. மங்களத்துக்கும் விளங்கியது, அது அவளுக்கு இன்னும் இனிப்பாக இருந்தது. அவன் திரைக்குப் பக்கத்தில் போய்க் கிளையின்மேல் இருந்த கீற்றை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“நீங்க எப்ப கண்டுபிடிச்சீங்க மேடம்?” என்று கேட்டான்.

“எடுத்த அன்னிக்கே. சாயங்காலம் நீங்க போட்ட ரெண்டாவது நிமிஷமே,” என்றாள் மங்களம். தன் கண்ணின் கூர்மை எல்லோருக்கும் தெரியட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

சொன்ன பிறகுதான் ஹாலில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஆட்கள் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். முன்வரிசையில் யாரோ புத்தகத்தைப் புரட்டி அறுபத்தொன்றாம் பக்கத்தை அனந்தபத்மநாபனிடம் நீட்டினார்கள். அவர் அதை உரக்கப் படித்தார். படம், பரத். பறவையைக் கண்டு பதிவு செய்தவர், மங்களம், ஞாயிறு கணக்கெடுப்பு.

“இது உங்க பேரா அம்மா?” என்று கேட்டார்.

யார் என் பேரைப் போட்டது, நான் எங்க பதிவு பண்ணேன் என்று மங்களம் திரும்பினாள். மேடைக்குக் கீழே புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில் அம்ருதா நின்றுகொண்டிருந்தாள்.

“கணக்குத் தாள்ல இருக்கு ஆன்ட்டி. அதுலேர்ந்துதான் எடுத்தேன்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “நான் போன் பண்ணிக் கேட்டேனே. பழுப்புன்னே விட்டுடறேன்னு சொன்னேன். நீங்கதானே மாத்திக்கச் சொன்னீங்க.”

பரத் என்ன சொல்வான் என்பதற்கெல்லாம் மங்களம் பதில் தயாரித்து வைத்திருந்தாள். படம் சரியில்லை என்றால் ஒரு பதில், மென்பொருளைக் குறைசொன்னால் ஒரு பதில், மன்னிப்புக் கேட்டால்கூட ஒரு பதில். அம்ருதாவுக்கு ஒரு பதில் வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. இவன் உப்புமான்னு சொன்னப்ப நீங்கல்லாம் சிரிச்சீங்களே என்று ஏதோ ஆரம்பித்தாள். பாதியிலேயே அது எவ்வளவு சின்னதாக ஒலிக்கிறது என்று அவள் காதிலேயே விழுந்தது. மைக்கை மேசைமேல் வைத்தாள்.

“அவருக்குத் தெரியாது ஆன்ட்டி. உங்களுக்குத் தெரியும்,” என்றாள் அம்ருதா.

விதியை ஓட்டுக்கு விடவே இல்லை. படத்தை நம்பி இவ்வளவு பெரிய கூத்து ஆன பிறகு படம் இருந்தால்தான் பறவை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்த வகையில் மங்களம் ஜெயித்துவிட்டாள். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது ஜெயித்தோம் என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லியும் பார்த்தாள், சப்பென்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சுந்தரமூர்த்தி என்ன ஆச்சு என்று கேட்டார். சொல்லிட்டேன் என்றாள்.

பரத் மறுநாளே குரூப்பில் நீளமாக எழுதினான். தப்பு முழுக்கத் தன்னுடையது, அசலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் துடைத்த படத்தை நம்பினேன், யாரும் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள் என்று படத்தோடு விளக்கியிருந்தான். எண்பது பேர் கைகூப்பினார்கள், நேர்மை நேர்மை என்று புகழ்ந்தார்கள். மங்களம் அந்த எண்பதையும் எண்ணினாள். அவன் விழுந்த இடத்திலேயே மெத்தை போட்டுக் கொடுக்கிறார்கள் என்று வயிறெரிந்தாள். அவளைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டக்கூட இல்லை. ஆயிரம் பிரதியிலும் அறுபத்தொன்றாம் பக்கத்தின்மேல் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது, நாலைந்து பேர் அம்ருதா வீட்டில் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் வரட்டுமா என்று போன் செய்தாள்.

“வேண்டாம் ஆன்ட்டி, ஆள் இருக்காங்க,” என்றாள் அம்ருதா.

அடுத்த ஞாயிறு ஆறரைக்கு மங்களம் ஏரிக்கரையில் இருந்தாள். வராமல் இருந்துவிட்டால் தோற்றதாகிவிடும் என்று வந்தாள். எல்லோரும் வந்திருந்தார்கள், பரத்தும் வந்திருந்தான். குட்மார்னிங் மேடம் என்றான், அவள் திரும்பவில்லை. மற்றவர்கள் சிரித்த முகத்தோடுதான் இருந்தார்கள். அவள் வழக்கம்போல் ஆட்களைப் பிரித்தாள், ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பம்ப் ஹவுஸ் தாண்டித் தண்ணீருக்குள் பட்டுப்போன மரம் ஒன்று நிற்கும், அதன் கிளையெல்லாம் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மங்களம் நின்று ஒரு பார்வை பார்த்தாள். அந்த மரத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டுகூட எண்ணுவாள்.

“சின்ன நீர்க்காகம், பதினாலு,” என்றாள்.

அம்ருதா எழுதவில்லை. பேனாவைத் தாளோடு சேர்த்து இடது கையில் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்த இருநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். மேல் கிளையிலிருந்து ஆரம்பித்து, உதடு அசைய, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். மங்களம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள், அவசரப்படுத்தவில்லை.

பதினாலுதான் இருந்தது. அதற்கப்புறம்தான் எழுதினாள்.